முகமூடிக்கு ஒரு மகளும் உண்டு

1984 ஜூலையில் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் தொடங்கின. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் கொண்டுவந்த முதல் இதழ் 'அழகியைத் தேடி'. முதலாவதில் கதையை நடத்துகிறவளே ஒரு பெண், மாடஸ்டி பிளைஸி. இரண்டாவதில் நாயகன் ஜேம்ஸ்பாண்ட், பெண் தேடப்படுகிறவள். இந்த இரண்டு அட்டைகளையும் என் வகுப்பு மாணவிகளிடம் அருகருகே காட்டுவேன். அதற்குமேல் முன்னுரை தேவைப்பட்டதில்லை.

'ராணி' என்பது 1962இல் தொடங்கிய வார இதழின் பெயர். எங்கள் ஊர்ப் பெண்கள் மீன் விற்று வந்த அசதியில் திண்ணையில் உட்கார்ந்து படித்த இதழ் அது. அந்தப் பெயரைத் தாங்கிய காமிக்ஸ், 1990க்குப் பிறகு மெல்ல மெல்ல ஒரு முகமூடி ஆணின் இதழாக மாறியது. அவன்தான் மாயாவி. லயனின் சகோதர இதழான முத்து காமிக்ஸில் அவன் பெயர் வேதாளர். (முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள், அவர் இங்கிலாந்துக் கதை நாயகர்.) ராணி காமிக்ஸ் சுமார் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. கடைசி ஆண்டுகளில் அதைப் புரட்டினால் பெரும்பாலும் மாயாவி, மாயாவி, மாயாவிதான்.

தொடர் ஏன் வழி தவறியது என்று கேட்டால் பழைய வாசகர்கள் காரணங்களை அடுக்குவார்கள். செய்தித்தாளில் தினம் மூன்று கட்டமாக வந்த படங்களைப் புத்தகப் பக்கத்துக்குள் திணித்தார்கள், கதையை வெட்டினார்கள், ஒரே மாதிரிக் கதை திரும்பத் திரும்ப வந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரே மாதிரிக் கதை ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. என் பதில் இது: வேறு கதை சொல்ல இந்தத் தொடருக்குள்ளேயே சில கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பெண் நின்றாள். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தினார்கள்.

மாயாவியை உருவாக்கியவர் அமெரிக்கரான லீ ஃபாக். 1936 பிப்ரவரி 17 அன்று தினத்தொடராகத் தொடங்கியது. முதலில் வரைந்தவர் ரே மூர். கதையின் வேர் கடலில் இருக்கிறது. 1536இல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தப்பிக் கரை ஒதுங்கிய ஒரே ஓர் இளைஞன், தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான்: கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்பேன், என் மகனும் அவன் மகனும் இதையே தொடர்வார்கள். தகப்பன் செத்ததும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வதால் காட்டு மக்கள் அவனைச் சாவில்லாதவன் என்று நம்புகிறார்கள். நாம் படிப்பது 21வது ஆளின் கதை. வெள்ளைக்காரன் ஒருவன் தலைமுறை தலைமுறையாகக் கறுத்த மக்களுக்குக் காவல் தெய்வமாக இருக்கும் கற்பனை அது. 1964இல் மும்பையில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், கதையிலிருந்த 'பெங்காலி' என்ற நாட்டின் பெயரை 'டெங்காலி' என்று மாற்றியது. பெயர் மாறியது, காவல் தெய்வம் மாறவில்லை.

நான் மண்டபம் பக்கத்துக் கரையூர்க்காரி. ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போனால் வேதாளையைத் தாண்டித்தான் போகவேண்டும். வேதாளர் அந்த ஊர்க்காரர் என்றே சின்ன வயதில் நம்பினேன். பின்னால் வரலாறு படித்தபோது அந்த ஊர் வேறு விதமாக என் முன் வந்து நின்றது. மாயாவியின் மூதாதை சத்தியம் செய்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு இரண்டே ஆண்டு கழித்து, 1538இல், வேதாளைக் கரையில் உண்மையாகவே ஒரு கடற்போர் நடந்தது. மார்ட்டிம் அபோன்ஸோ டி சூசாவின் போர்ச்சுக்கீசியப் படை, கோழிக்கோட்டு சாமுதிரியின் சார்பில் வந்த மரைக்காயர்களின் கப்பல்களை அடித்து நொறுக்கியது. போர்ச்சுக்கீசியர் எழுத்தில் மரைக்காயர்கள் கடற்கொள்ளையர். மரைக்காயர்கள் பக்கமிருந்து பார்த்தால் கொள்ளைக்கு வந்தவர்கள் யார்? மாயாவி கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. யார் கொள்ளையர் என்பதை முகமூடி போட்டவன் முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறான்.

இனி அந்தக் கதவுகளுக்கு வருகிறேன். முதல் கதையிலேயே டயானா பாமர் வருகிறாள். குத்துச்சண்டை போடுகிறாள், கப்பலில் அம்பர் கொண்டுவருகிறாள், கொள்ளையரிடம் சிக்குகிறாள். அடுத்த கதையில் வானத்தில் கொள்ளையடிக்கும் பெண்களின் கூட்டம் ஒன்று விமானங்களில் வருகிறது. 1936இல் இப்படியொரு கூட்டத்தைக் கற்பனை செய்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களின் தலைவியும் சாலா என்ற பெண்ணும் மாயாவி மேல் காதல் கொள்ள, கூட்டத்தின் கதை பொறாமைக் கதையாகச் சுருங்குகிறது.

1952இல் ஞாயிறு தொடரில் ஜூலி வந்தாள். 17வது மாயாவியின் இரட்டைச் சகோதரி. அண்ணன் காயப்பட்டுக் கிடக்கும்போது அவனுடைய உடையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு அவன் வேலையைச் செய்கிறாள். அப்படியானால் முகமூடிக்குள் ஒரு பெண் இருந்தாலும் கதை நடக்கும். அதைத் தொடரே ஒப்புக்கொண்டுவிட்டது. அண்ணன் தேறியதும் முகமூடி அண்ணனிடமே போய்விட்டது.

டயானாவும் மாயாவியும் மணம் செய்துகொள்ள 1977 ஆனது. 41 ஆண்டு காத்திருப்பு. 1979இல் இரட்டைக் குழந்தைகள்: கிட் என்ற மகன், ஹெலாய்ஸ் என்ற மகள். ஒரே நேரத்தில் பிறந்த இருவரில் அடுத்த மாயாவி யார்? நானூறு ஆண்டுச் சத்தியத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வி வந்திருக்க முடியாது. லீ ஃபாக் 1999இல் இறக்கும் வரை பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்தார்கள், கேள்வியும் அப்படியே கிடந்தது. அவருக்குப் பின் எழுதுகிற டோனி டிபால்தான் ஹெலாய்ஸை வளரவிட்டு, அவளே ஒரு பயங்கரவாதியைப் பிடிக்கும் அளவுக்குக் கதையின் நடுவில் நிறுத்தினார். ராணி காமிக்ஸில் நாங்கள் படித்த ஹெலாய்ஸ் குகைக்குள் விளையாடும் குட்டிப் பெண்தான்.

வாரிசு என்ற சொல் எங்கள் சீமையில் லேசான சொல் இல்லை. ராமநாதபுரம் ஜமீனில் ஆண் பிள்ளை இல்லாமல் சேதுபதி இறந்துபோக, ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பையனைத் தத்தெடுத்தார். கணவன் அனுமதி தராத நிலையில் விதவை எடுத்த தத்து செல்லாது என்று கலெக்டர் தரப்பு வழக்காடியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் திராவிட நாட்டில் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்களில் இதைப் பெண்ணின் உரிமையை ஏற்ற தீர்ப்பாகப் படிக்கிறோம். ஓரளவுக்கு அது சரி. ஆனால் அந்த ராணிக்குக் கிடைத்தது ஓர் ஆணை வாரிசாக்கும் உரிமை. அதற்கும் பங்காளிகள் தலையாட்ட வேண்டியிருந்தது. அதே ராமநாதபுரம் அரண்மனையில் நூறாண்டு முன் வாள் பிடித்து வளர்ந்த வேலு நாச்சியார், கணவர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின் படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். ஜூலியைக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த ஊர் மண் பதில் சொல்லும்.

என் அப்பாவின் வள்ளம் இரண்டு அண்ணன்களுக்குப் போனது. அந்த வள்ளத்தின் கடனை அடைத்தது அம்மா மீன் கூடை சுமந்த காசு. எனக்கு நகை போட்டாயிற்று என்று கணக்கு முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை. அப்பனுக்குப் பின் மகன் என்பது காற்றுத் திசை மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. காமிக்ஸும் அப்படித்தான்: அண்ணன்கள் வாங்குவார்கள், படிப்பார்கள், பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். நான் அவர்கள் கடலுக்குப் போன ராத்திரியில் படித்தேன். வாடகைப் புத்தகக் கடைக்காரர் ஒருவர், 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சண்டைப் புத்தகம்' என்று கோலப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தொடரும் நான் படிப்பேன் என்று நினைத்து எழுதப்படவில்லை.

இதனால்தான் வழி தவறியது என்கிறேன். தகப்பனிடமிருந்து மகனுக்கு என்ற ஒரே பாதையில் போகும் கதையில் புதிதாக ஒன்றும் நடக்க முடியாது. கடத்தல்காரன் மாறுவான், முத்திரை மோதிரம் வேறொரு தாடையில் பதியும், டயானா இன்னொரு முறை கடத்தப்படுவாள். வளர்ந்துவிட்ட பையன்கள் டிவி பக்கம் போனார்கள். அவர்களுக்குப் பதில் வந்திருக்கக்கூடிய வாசகிகளை யாரும் கூப்பிடவில்லை.

முகமூடி என்ற சொல்லைக் கேட்டால் இன்று எனக்கு வேறு முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்க முகத்தில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியோ ரப்பரோ சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது குற்றமாயிற்று. அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்கே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, தங்கள் உரிமையைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. இங்கே யாரும் சாவில்லாதவர்கள் இல்லை. மூச்சுத் திணறினால் மேலே வந்தாக வேண்டும். அவர்களுக்குக் காவலாக எந்தக் குகையிலிருந்தும் யாரும் குதிரையேறி வரவில்லை.

வேதாளர் மறுபடியும் நல்ல தாளில், நல்ல அச்சில் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். வாங்கிப் படியுங்கள். படங்களின் அழகை ரசியுங்கள், ரசிக்கத் தகுந்தவைதான். படிக்கும்போது ஜூலி எந்தப் பக்கத்தில் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று மட்டும் குறித்து வையுங்கள். ஹெலாய்ஸை யாராவது தமிழில் முழுக்கக் கொண்டுவந்தால், முதல் பிரதியை எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில் பெண்பிள்ளைகள் கைக்கு எட்டும் அடுக்கில் நானே வைப்பேன்.