துவக்கு எங்கிருந்து துவங்குது?

இலங்கையில நாங்க 'துவக்கு' என்று சொல்றது துப்பாக்கியை. ஒன்றைத் துவக்கி வைக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அதே மாதிரி, குண்டைத் துப்புறதால 'துப்பாக்கி' என்று நினைச்சா அதுவும் பிழை.

ரெண்டுமே ஒரே சொல்லின் பிள்ளைகள். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். 'ஃப' எங்கட நாக்குக்குப் பழக்கமில்லாததால் ஒரு இடத்தில் 'ப' ஆச்சு, இன்னொரு இடத்தில் 'வ' ஆச்சு. மலையாளத்தில் தோக்கு, சிங்களத்தில் துவக்குவ.

துருக்கியும் பாரசீகமும் யார் யாரிடம் கடன் வாங்கின என்பதில்தான் இழுபறி. 'துஃப்' என்று ஊதுற, துப்புற சத்தத்தில் பிறந்த பாரசீகச் சொல் என்பது ஒரு கட்சி. எனக்கு மற்றக் கட்சிதான் பிடிக்கும். 1070களில் பக்தாதில் மஹ்மூத் அல் காஷ்கரி எழுதிய துருக்கி அகராதியில் 'துவெக்' இருக்கு. பச்சைக் கிளையின் பட்டையைக் குழலாகக் கழற்றி, அதுக்குள்ள உருண்டை வைச்சு ஊதிக் குருவி அடிக்கிற சாமான் அது. வெடிமருந்தே அந்தப் பக்கம் வராத காலம்! குழல் இரும்பான பிறகும் பெயர் மாறல்ல.

எனக்கு ஆச்சரியம் வேற இடத்தில. 1505இல் வந்த போர்த்துக்கேயர் மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாத்தையும் எங்கட வாயில விட்டுட்டுப் போனாங்க. ஆனா அவங்க துவக்குக்குச் சொன்ன 'எஸ்பிங்கார்தா' இங்க ஒட்டவே இல்லை. அவங்க சுட்ட ஆயுதத்துக்கு நாங்க வைச்ச பெயர், துருக்கியரும் பாரசீகரும் புழங்கின பெயர். இந்த நாட்டுக்கு வெளியுலகம் போர்த்துக்கேயக் கப்பல் வழியாக மட்டும் வரல்ல என்பதுக்கு இந்த ஒரு சொல் போதும்.

இரண்டாம் இராஜசிங்கனுக்காகப் போர்த்துக்கேயரோட சண்டை பிடிச்ச மூன்று அரபிகளின் வழித்தோன்றல்கள் நாங்க என்று அக்குறணையில ஒரு கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, அந்த அரசன் 1638இல் போர்த்துக்கேயப் படையை முறியடிச்ச கன்னொறுவ, பேராதனைக்குப் பக்கத்திலதான் இருக்கு. கண்டிப் படையிடமும் துவக்கு இருந்தது, உள்ளூர்க் கொல்லர்களே செய்தது. மரக்கால்ல நிறுத்தி, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பீரங்கிக்குக் 'கொடித்துவக்குவ' என்று பெயர். கொடித்துவக்கு இன்றைக்கும் சிங்களவரிடம் குடும்பப் பெயர்.

1983இலிருந்து 2009 வரைக்கும் நடந்த யுத்தத்தில் ரெண்டு பக்கமும் கையில வைச்சிருந்ததுக்கும் இதே பெயர்தான். ஒரு பக்கம் துவக்கு, மற்றப் பக்கம் துவக்குவ.