வாட்டர்கேட்: திருடர்களைப் பிடித்த காவலாளி என்ன ஆனார்?

அரசியல் ஊழலையும் அதன் மூடிமறைப்பையும் பற்றிய படங்கள் என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’. ஆலன் ஜே. பக்குலா இயக்கி 1976-இல் வெளிவந்த இப்படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்டும் டஸ்டின் ஹாஃப்மேனும் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர்களாக நடித்தார்கள். நான்கு ஆஸ்கர் விருதுகளும் கிடைத்தன. இதழியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

நாம் பேச விரும்புவது படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் வந்துபோகும் ஒரு கறுப்பு இளைஞரைப் பற்றி. காவலாளி உடையில் இரவு ரோந்து வருகிறார். கதவில் ஒட்டியிருக்கும் டேப்பைப் பார்க்கிறார். காவல்துறைக்குத் தகவல் போகிறது. அதன்பிறகு அவர் படத்தில் இல்லை. அவர் துணை நடிகர் அல்ல. உண்மையிலேயே அந்த டேப்பைக் கண்டுபிடித்த ஃபிராங்க் வில்ஸ்தான் அவர். தன் வாழ்க்கையைத் தானே நடித்துக் கொடுத்துவிட்டுத் திரையிலிருந்து வெளியேறினார். நாட்டின் நினைவிலிருந்தும் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார்.

1948-இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பிறந்தவர் வில்ஸ். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆஸ்துமா காரணமாக அதை விட்டுவிட்டு வாஷிங்டன் வந்தார். வாட்டர்கேட் கட்டடத்தில் இரவுக் காவலாளி வேலை. சம்பளம் வாரத்துக்கு 80 டாலர்.

1972 ஜூன் 17, நள்ளிரவு கடந்த நேரம். வாகன நிறுத்தத்துக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் விழாதபடி டேப் ஒட்டியிருந்தது. வேலையாட்கள் யாரோ ஒட்டிவிட்டு மறந்திருப்பார்கள் என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டார். மறுபடியும் சுற்றி வந்தபோது அதே இடத்தில் புதிதாக டேப். உள்ளே ஆள் இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. பதிவேட்டில் குறித்தார், காவல்துறையை அழைத்தார். ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்தில் ஒட்டுக்கேட்புக் கருவிகளோடு ஐந்து பேர் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர் அதிபர் நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்.

இதற்குப் பிறகு நடந்தது உலகறிந்த கதை. ஆறே நாளில், ஜூன் 23 அன்று, சி.ஐ.ஏ.வைக் காட்டி எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்தும் திட்டத்துக்கு நிக்சன் ஒப்புதல் கொடுத்தார். சிக்கியவர்கள் வாய் திறக்காமலிருக்கப் பணம் போனது. ஓர் ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் காணாமல் போனது. 1974 ஜூலை 24-இல் ஒலிநாடாக்களை ஒப்படைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். ஒரே மாதத்தில், செப்டம்பர் 8 அன்று, அடுத்த அதிபர் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

‘அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கொண்டது’ என்று வரலாற்று நூல்கள் இதற்கு முற்றுப்புள்ளி வைக்கின்றன. நமக்கு இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: ஒட்டுக்கேட்பது அதிகார வர்க்கத்தின் கண்ணுக்கு எப்போது குற்றமானது? மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963-இல் அனுமதி கொடுத்தவர் ராபர்ட் கென்னடி. அவரும் இதே ஜனநாயகக் கட்சிக்காரர்தான். கிங் தங்கிய விடுதி அறைகளில் கருவிகள் வைக்கப்பட்டன. தற்கொலை செய்துகொள்ளத் தூண்டும் பெயரில்லாக் கடிதம் எஃப்.பி.ஐ.யிலிருந்து அவருக்குப் போனது. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் சிகாகோவில் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன், 21 வயது இளைஞர், படுத்திருந்த இடத்திலேயே காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தது அதன் உளவாளி. ‘துப்பாக்கிச் சண்டை’ என்று அதிகாரிகள் சொன்னார்கள். காவல்துறை சுட்டது தொண்ணூறுக்கும் மேல், உள்ளேயிருந்து வந்தது அதிகபட்சம் ஒன்று என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. இதற்காக எந்த அதிபரும் பதவி விலகவில்லை. அதே பூட்டுடைப்பும் அதே ஒட்டுக்கேட்பும் ஆளும் வர்க்கத்தின் இன்னொரு கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தபோதுதான் அதற்கு ஊழல் என்று பெயர் வந்தது. கறுப்பர் வீட்டுக்குள் நுழைந்தவரை அது ‘சட்டம் ஒழுங்கு’.

இரண்டாவது கேள்வி: யாருக்கு என்ன கிடைத்தது? மூடிமறைப்பை நடத்திய வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன் சுமார் நான்கு மாதம் சிறையில் இருந்தார், பிறகு புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். நிக்சனுக்கு 1977-இல் தொலைக்காட்சிப் பேட்டிக்கு மட்டும் 6 லட்சம் டாலர் பேசப்பட்டது. வில்ஸுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. பக்கவாதத்தால் படுத்துவிட்ட தாயைப் பார்த்துக்கொள்ளத் தெற்குக் கரோலினாவுக்குத் திரும்பினார். தாயின் அரசு உதவித்தொகையில் இருவரும் வாழ்ந்தார்கள். 1983-இல் 12 டாலர் காலணி ஒன்றைக் கடையிலிருந்து திருடியதாக அவர்மீது வழக்கு. விதிக்கப்பட்ட தண்டனை 12 மாதம். டாலருக்கு ஒரு மாதம்! நாட்டின் அரசமைப்பையே ஏமாற்றத் துணைபோனவருக்கு நான்கு மாதம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தாய் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்தார் வில்ஸ்.

1994 ஏப்ரலில் நிக்சன் இறந்தார். அப்போதைய அதிபரும் உயிரோடிருந்த நான்கு முன்னாள் அதிபர்களும் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அதே ஆண்டு ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படம் வந்தது. அதில் வாட்டர்கேட் திருட்டைத் தற்செயலாகப் பார்த்துக் காவலாளிக்குச் சொல்பவன் வெள்ளைக்காரக் கதாநாயகன். நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் ஒரு கறுப்பு மனிதரின் ஒரே வரலாற்றுச் சாதனையும் வெள்ளைக் கற்பனைக்குக் கைமாறியபோது, அவர் வறுமையில் உயிரோடுதான் இருந்தார். 2000 செப்டம்பர் 27 அன்று மூளைக் கட்டியால் வில்ஸ் இறந்தார். வயது 52.

அதே வாட்டர்கேட் காலத்தின் இன்னொரு குரலையும் நாம் மறக்கக் கூடாது. 1974 ஜூலை 25 அன்று நாடாளுமன்ற நீதிக் குழுவில் டெக்சாஸைச் சேர்ந்த கறுப்புப் பெண் உறுப்பினர் பார்பரா ஜோர்டன் பேசினார். அரசமைப்பு எழுதப்பட்ட காலத்தில் ‘மக்களாகிய நாம்’ என்ற சொல்லுக்குள் தான் இல்லை என்பதை நினைவூட்டினார். திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் உள்ளே வந்துசேர்ந்த தான், அந்த அரசமைப்பு சிதைக்கப்படுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுதான் அந்த ஆவணத்தைக் காக்க முன்னால் நின்றார். அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

வில்ஸ் டேப்பைப் பிய்ப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1972 மே மாத இறுதியில், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. அந்த உறவின் பெயரால் நாம் வில்ஸின் கதையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நிருபர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அது சாதாரணத் திருட்டு வழக்காக முடிந்திருக்கும். ஆனால் அந்த இரவில் வாரக்கூலிக் காவலாளி இரண்டாவது டேப்பையும் பிய்த்துப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் வழக்கே இருந்திருக்காது. எந்த மூடிமறைப்பிலும் முதல் சாட்சி பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்பவர்தான். கதவு, குப்பை, சாவி, கோப்பு எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகின்றன. உண்மை வெளிவந்ததும் மேடை வேறு ஆட்களுக்குப் போய்விடுகிறது, சாட்சி வேலையிழந்து வீட்டில் இருக்கிறார். அவரைப் பாதுகாக்காத எந்த நாடும் தன் அமைப்பு சரியாக இயங்கியது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வில்ஸ் அன்றிரவு எழுதிய பதிவேட்டை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தத் தாளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதை எழுதிய கைக்குக் கிடைக்கவில்லை.