தேமல் வைரஸ் பிறந்த கதை

மலைக் கிராமமான செம்மநத்தத்திலிருந்து இறங்கிச் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் வந்தால் காபியும் மிளகும் மறைந்து மரவள்ளி எனும் குச்சிக்கிழங்குக் காடுகள் தொடங்கிவிடும். 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் இந்தக் கிழங்கை நம்பித்தான் நிற்கிறது. இலையில் மஞ்சள் திட்டுகள் படர்ந்து, இலை சுருங்கிக் கோணினால் தேமல் நோய் என்று இங்கே யாரும் சொல்லிவிடுவார்கள். அதைக் கொடுக்கும் வைரஸ்களில் ஒன்று பிறந்த விதம் மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இங்கே இந்நோயைத் தருபவை இரண்டு: இந்திய மரவள்ளி தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ். பின்னது பெயரில்தான் இலங்கை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அது பரவியிருக்கிறது. இரண்டுக்கும் ஏ, பி என்று இரண்டு டிஎன்ஏ வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,700 எழுத்து நீளம். பெருகுவதை ஏ பார்த்துக்கொள்கிறது. செல்லுக்குச் செல் நகர்ந்து செடி முழுக்கப் பரவ, பொதுவாக, பி வேண்டும்.

2002இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்து ஆய்வாளர்கள், இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்த குழுவாக, இவ்விரண்டையும் ஒப்பிட்டார்கள். இலங்கை வைரஸின் பி, இந்திய வைரஸின் பி-யைப் பெரிதும் ஒத்திருந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் ஒட்டவில்லை. அது இலங்கை வைரஸின் சொந்த ஏ-யில் உள்ளதைப் போல இருந்தது. கதையின் முடிச்சு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடம் அது. ஏ உண்டாக்கும் புரதம் அங்கே தனக்குரிய அடையாளத்தைத் தேடும், இல்லாவிட்டால் நகலெடுக்காது.

அவர்கள் கண்ட முடிவு இது: இலங்கை வைரஸ் ஒரு காலத்தில் ஏ மட்டுமே கொண்டிருந்திருக்க வேண்டும். ஒரே செடியில் இந்திய வைரஸோடு சேர்ந்தபோது அதன் பி-யைப் பிடித்துக்கொண்டு, தன் அடையாளத்தை அதில் ஏற்றிவிட்டது. சோதனையில் இலங்கை வைரஸின் ஏ, பி-யின் துணையில்லாமலே புகையிலை இனச் செடியொன்றில் பரவியது. அடேயப்பா, எவ்வளவு தெளிவான தடயம்!

உறவுக்கார வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் சந்தித்தால் இப்படி நடப்பது புதிதல்ல. 1990களில் உகாண்டாவின் மரவள்ளியை அழித்த வைரஸும் இரண்டு ஆப்பிரிக்க வைரஸ்களின் கலப்பு. மனிதருக்குப் புண் தரும் இரண்டாம் வகை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், முதல் வகையின் மரபணுத் துண்டுகளைச் சுமப்பதையும் 2017இல் கண்டார்கள்.

வெள்ளை ஈ வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. ஆனால் நான் அதிகம் அஞ்சுவது குச்சியை. மரவள்ளி விதையில் வளர்க்கும் பயிரல்ல; நோயுள்ள தாய்ச்செடியில் வெட்டிய குச்சி, வைரஸை அடுத்த பருவத்துக்கு அப்படியே ஒப்படைக்கிறது. இரண்டு வைரஸ்கள் உள்ள செடி என்றால் அவை மீண்டும் மீண்டும் சந்திக்க இடம் கிடைத்துவிடுகிறது. நோயற்ற செடியில் மட்டும் குச்சி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இலங்கை வைரஸ் இங்கேயே தங்கிவிடவில்லை. 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் கண்டறியப்பட்டது. பிறகு வியட்நாம், தாய்லாந்து, சீனா என்று போய்விட்டது.