ஊழியம் சரி, உத்தியோகம் தப்பா?

பிள்ளை பெற்ற பெண் வேலைக்குப் போகலாமா? கிறிஸ்தவ சபைகளில் இன்றும் ஓயாத விவாதம் இது. "கூடாது" என்பவர்கள் தீத்துவுக்குப் பவுல் எழுதிய நிருபத்தைக் காட்டுவார்கள். இளம்பெண்கள் வீட்டைக் கவனிக்க வேண்டும் என்கிறது அதன் 2-ஆம் அதிகாரம். "போகலாம்" என்பவர்கள் நீதிமொழிகள் 31-ஐத் திறப்பார்கள். அதில் வரும் குணசாலியான பெண் வயல் வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். காமர்ஸ் படிக்கும் என் கண்ணுக்கு அவள் ஒரு சிறுதொழில் முதலாளி! லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள். பிரிஸ்கில்லாள் கணவனோடு சேர்ந்து கூடாரம் செய்தவள்.

சரி, வசனச் சண்டையை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வருவோம். நம் சென்னையிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. மாமியார் ஒருவர், மருமகள்கள் இருவர். இந்த மூன்று பேரையும் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலாமவர் அன்னா சத்தியநாதன். ஜான் தேவசகாயம் போதகரின் மகள். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதனின் மனைவி. மூத்த குடும்பத்துப் பெண்கள் வெளியே வராத காலம் அது. ஆண் மிஷனரிகள் அந்த வீடுகளுக்குள் நுழைய முடியாது. அதனால் பெண்களே வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லித் தர வேண்டியிருந்தது. இதற்கு 'ஜெனானா ஊழியம்' என்று பெயர். 1860-களில் சென்னையில் அன்னா இதைச் செய்தார். அவர் மகன் சாமுவேல் பிறந்தது 1860-ல். அப்படியென்றால், கைக்குழந்தைக்காரியாக இருந்த காலத்தில்தான் அவர் வெளியே இறங்கியிருக்கிறார்!

இதில் சுவாரசியம் என்னவென்றால், பிள்ளை வளர்ப்பு பற்றி 'நல்ல தாய்' என்ற தமிழ் நூலை எழுதியவரும் இதே அன்னாதான். நல்ல தாய் என்றால் வீட்டோடு இருப்பவள் என்று அன்றைய இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் சொல்லிக்கொண்டிருந்தது. மிஷனரிகள் அந்தக் கருத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் வேலை நடக்க வேண்டுமே? தாய்மார்களை வெளியே அனுப்பாமல் அது நடக்காது. 'பைபிள் உமன்' என்ற பெயரில் சம்பளத்துக்கே பெண்களை வைத்தார்கள். ஊழியம் என்று பெயர் வைத்தால் தடை இல்லை, உத்தியோகம் என்றால்தான் கேள்வி!

இரண்டாமவர் கிருபாபாய். மராட்டியக் கிறிஸ்தவப் பெண். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் நடுவிலேயே நிறுத்தினார். 1883-ல் சாமுவேலை மணந்தார். ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். பெற்ற ஒரே குழந்தையும் சிசுவாக இறந்தது. 1894-ல் அவரும் போய்விட்டார், 32 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ.

மூன்றாமவர் கமலா, சாமுவேலின் இரண்டாவது மனைவி. 1901-ல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். ரொக்கையாவின் புகழ்பெற்ற 'சுல்தானாவின் கனவு' 1905-ல் அதில்தான் வெளிவந்தது. 1906-ல் ஜப்பானில் சாமுவேல் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகள். கமலா இதழை விடவில்லை. 1918 வரை நடத்தினார், பிறகு 1927-ல் மறுபடி தொடங்கினார். மகள் பத்மினி சென்குப்தா பின்னாளில் தன் தாயின் வாழ்க்கை வரலாற்றையே புத்தகமாக எழுதினார். வேலைக்குப் போன தாயின் பிள்ளை கெட்டுப்போகும் என்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

கத்தோலிக்கத் திருச்சபையும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியது. பெண்ணின் இயல்புக்கு வீட்டு வேலையே பொருந்தும் என்றார் போப் பதின்மூன்றாம் லியோ, 1891-ல். கணவனுக்குப் போதிய கூலி இல்லாததால் தாய் வெளியே போக நேர்வது அநியாயம் என்றது 1931-ன் சுற்றுமடல். போப் இரண்டாம் ஜான் பால் 1981-ல் தாய்மையை மதிப்புள்ள உழைப்பாகப் பார்க்கச் சொன்னார். 1995-ல் பெண்களுக்கு எழுதிய கடிதத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு நன்றியே சொன்னார்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இந்த விவாதம் முழுக்க வீட்டில் இருக்க வசதியுள்ளவர்களைப் பற்றியது. நாற்று நட்ட கிறிஸ்தவத் தாயிடமும், சித்தாள் வேலைக்குப் போன தாயிடமும் யாரும் தீத்து 2-ஐக் காட்டியதாகத் தெரியவில்லை. நீதிமொழிப் பெண்ணின் வீட்டிலும் வேலைக்காரிகள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

எங்கள் ஆதம்பாக்கத்தில் காலை எட்டு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, பாலர் பள்ளி ஆயா... இவர்களை நம்பித்தான் அம்மாக்கள் ரயில் ஏறுகிறார்கள். 2017 சட்டத்திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இதில் எதுவும் எட்டுவதில்லை.

எனவே "போகலாமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "போகிறவளின் பிள்ளையை யார் பார்ப்பது?" என்று சபை கேட்கட்டும். மண்டபங்கள் வார நாட்களில் காலியாகத்தானே கிடக்கின்றன?