ஏ மில்லின் ஜாதகம்

கோதுமையை அரைத்தால் மாவு வரும், தவிடு வரும், இரண்டுக்கும் நடுவில் ரவை வரும். ரவையை என்ன செய்வதென்று நம் அடுப்படிக்குத் தெரியும். 1870 வரை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மில்காரர்களுக்குத் தெரியவில்லை. தவிட்டுத் துணுக்கு கலந்த பழுப்பு ரவையை மட்டச் சரக்கு என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த ரவைக்கு ஒரு வழி பிறந்ததும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு மில் பேட்டையே தழைத்தது. பிறகு அதே ரவையால் பேட்டையில் பெரும் பகுதி வெடித்தும் போனது.

இடம் மினியாபொலிஸ். மிசிசிப்பியின் முழு நீளத்திலும் பெரிய இயற்கை அருவி என்று சொல்லத்தக்கது இந்த ஊரில் உள்ள ஒன்றுதான். ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்கு அது ஓவாம்னியோம்னி, புனிதத் தலம். 1680-ல் வந்த ஹெனெபின் என்ற பாதிரியார் தம் புனிதரின் பெயரைச் சூட்டி அந்தோணியார் அருவி ஆக்கினார். பின்னால் வந்தவர்கள் அதில் குதிரைத்திறனைப் பார்த்தார்கள். 1820-களில் அருகிலிருந்த கோட்டைச் சிப்பாய்கள் ஒரு மர அறுவை மில்லும் ஒரு மாவு மில்லும் போட்டார்கள். 1862-ல் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் மூண்டது. மறு ஆண்டே சட்டம் போட்டு அவர்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றினார்கள். அருவிக்கரையில் மில்கள் மளமளவென்று எழுந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

கரை ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டி, அருவிக்கு மேலிருந்து ஆற்று நீரைத் திருப்பினார்கள். ஒவ்வொரு மில்லும் அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நீர் கட்டடத்துக்கு அடியில் உள்ள குழியில் விழுந்து டர்பைனைச் சுழற்றிவிட்டு, சுரங்க வழியாக மறுபடி ஆற்றில் போய்ச் சேரும். டர்பைனின் சுழற்சி தண்டுகளிலும் தோல் பெல்ட்டுகளிலும் ஏறி மாடி மாடியாகப் போகும். கோதுமையை உச்சி மாடிக்கு ஏற்றிவிட்டால், அது தன் எடையிலேயே ஒவ்வொரு இயந்திரமாக இறங்கிக் கீழே மாவாக வந்து விழும்.

இந்த வாய்க்கால் கம்பெனியில் பெரும் பங்குக்காரர் காட்வாலடர் வாஷ்பர்ன். உள்நாட்டுப் போரில் தளபதி, பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தின் கவர்னராகவும் இருந்தவர். 1866-ல் அவர் கட்டிய முதல் மில்லைப் பார்த்து, இவ்வளவு மாவை யார் வாங்குவார்கள் என்று ஊர் சிரித்தது. ‘வாஷ்பர்னின் கிறுக்கு’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மனிதர் அடுத்ததாக இன்னும் பெரிதாகக் கட்டினார். 1874-ல் எழுந்த அந்தக் கட்டடம்தான் ஏ மில்.

அந்த நேரத்தில் அருவியே நிலையாக இல்லை. அதன் மேல்தட்டு சுண்ணாம்புப் பாறை. அடியில் இருப்பதோ கையால் உதிர்க்கக்கூடிய மணற்பாறை. 1869 அக்டோபரில், ஆற்றுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த ஒரு சுரங்கத்துக்குள் நீர் புகுந்து மணற்பாறையை அரித்துக்கொண்டு போனது. ஆற்றில் பெரிய சுழி விழுந்தது. கட்டை, கல், மண், கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் கொட்டினார்கள்; சுழி எல்லாவற்றையும் விழுங்கியது. அருவி போனால் மில்லும் போயிற்று, ஊரும் போயிற்று. கடைசியில் மத்திய அரசின் ராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் குறுக்கே, பாறைக்கு அடியில், 40 அடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் இறக்கி நிறுத்தினார்கள். அந்த வேலை முடிந்தது 1876-ல். ஏ மில் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. துணிச்சல் என்பதா, சூதாட்டம் என்பதா, உங்கள் விருப்பம்.

இப்போது ரவைக்கு வருவோம். மின்னசோட்டாவில் குளிர் அதிகம். வசந்தத்தில் விதைத்து அறுக்கும் கோதுமைதான் அங்கே விளையும். அந்த மணி கெட்டியானது, தோலோ நொறுங்கக்கூடியது. திரிகைக்கல்லை நெருக்கி வைத்து ஒரே ஓட்டில் அரைத்தால் தோல் பொடிப்பொடியாகி மாவில் கலந்து நிறத்தைக் கெடுக்கும். கல்லைத் தள்ளி வைத்து அரைத்தால் ரவை அதிகம் நிற்கும். ரொட்டியை உப்ப வைக்கும் புரதம் அந்த ரவையில்தான் செறிந்திருக்கிறது, ஆனால் தவிட்டுத் துணுக்கை விலக்காமல் அதை எடுக்க முடியாது. 1871 வாக்கில், பிரான்சில் இருந்து வந்த எட்மண்ட் லாக்ரோ, வாஷ்பர்ன் மில்லை நடத்திவந்த ஜார்ஜ் கிறிஸ்டியனின் ஆதரவோடு ஒரு இயந்திரம் செய்தார். ஆடும் சல்லடையில் ரவை நகரும்போது கீழிருந்து காற்று வீசும். தவிடு பறந்து போகும், கனமான ரவை தங்கும். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைத்து எடுக்கிற அதே காரியம். சுத்தமான அந்த ரவையை மறுபடி அரைத்தபோது, அமெரிக்கா அதுவரை பார்க்காத வெள்ளை மாவு கிடைத்தது. கீழ்த்தரக் கோதுமை என்று பெயர் எடுத்த சரக்குக்குச் சந்தையில் முதல் விலை கிடைத்தது.

காற்றில் பறந்த தூசி எங்கே போகும்? மில்லுக்குள்ளேதான் சுற்றியது. தூசிக்கென்று கட்டிய அறைகளில் நிரம்பியது, உத்தரங்களில் படிந்தது. நுண்ணிய மாவுத்தூசி காற்றோடு சரியான அளவில் கலந்தால் வெடிமருந்துதான். அரைக்க வேண்டிய கோதுமை தீர்ந்துபோய் இரண்டு கல்லும் ஒன்றோடொன்று உரசினால் பொறி பறக்கும். 1878 மே 2, மாலை ஏழு மணி. பகல் ஷிஃப்ட் வீட்டுக்குப் போய், இரவு ஷிஃப்ட்டின் 14 பேர் உள்ளே வந்திருந்தார்கள். ஏ மில் வெடித்தது. கூரை மேலே போனது, சுவர்கள் வெளியே சாய்ந்தன. அடுத்தடுத்து நின்ற இரண்டு மில்களும் அந்த வேகத்திலேயே வெடித்தன, தீ இன்னும் பரவியது. உள்ளே இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பக்கத்து மில்களையும் சேர்த்துச் சாவு 18. ஊரின் அரவைத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாலையில் அழிந்தது.

மாவா வெடிக்கும் என்று அன்று பலரும் நம்பவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒரு பெட்டிக்குள் மாவைத் தூவி, தீ காட்டி, மூடி எகிறுவதைக் காட்டினார்கள். அதன்பிறகு தூசி உறிஞ்சும் விசிறி விற்க வந்தார் வில்லியம் டி லா பார் என்ற ஆஸ்திரியப் பொறியாளர். வாஷ்பர்ன் விசிறியை வாங்கியதோடு நிற்காமல் ஆளையே எடுத்துக்கொண்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். அப்போது புடாபெஸ்ட் மில்கள் கல்லைக் கைவிட்டு உருளைகளால் அரைத்துக்கொண்டிருந்தன. தொழில் ரகசியம் என்று வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். டி லா பார் வேலையாள் வேஷத்தில் உள்ளே புகுந்து, பார்த்ததை மனதில் வரைந்துகொண்டு வந்தார் என்று சொல்வார்கள். 1880-ல் மறுபடி எழுந்த ஏ மில் அவர் வடிவமைப்பு. உருளை கல்லைப் போலச் சூடேறாது, பொறி எழுப்பாது, படிப்படியாக உடைக்கும். கல் கொத்துபவர்களுக்கு மட்டும் வேலை போயிற்று. ஊர் ஊராகச் சுற்றி அரவைக்கல்லின் வரிகளைக் கொத்திக் கூராக்கிப் பிழைத்த ஒரு தொழிலே சில ஆண்டுகளில் காணாமல் போனது.

அதே 1880-ல் சின்சினாட்டியில் நடந்த மில்காரர்களின் கண்காட்சியில் வாஷ்பர்ன் மாவுக்குத் தங்கப் பதக்கம். உடனே மாவுக்கே ‘கோல்டு மெடல்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எதிர்க்கரையில் பில்ஸ்பரி குடும்பம் சும்மா இருக்குமா? 1881-ல் இதைவிடப் பெரிய ஏ மில் ஒன்றை எழுப்பியது. நடுவில் ஆறு, இருபக்கமும் இரண்டு ஏ மில்கள். 1883-ல் ரயில் முதலாளி ஜேம்ஸ் ஹில் அருவிக்குச் சற்றுக் கீழே, வில்லாக வளைந்து போகும் கருங்கல் வளைவுப் பாலம் கட்டினார். அதற்கும் ஊர் ‘ஹில்லின் கிறுக்கு’ என்று பெயர் வைத்தது. இந்த ஊரின் பரிகாசத்தை முதலீட்டுக்கு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம் போல.

1880 முதல் 1930 வரை உலகின் மாவுத் தலைநகர் மினியாபொலிஸ்தான். உச்சத்தில் ஏ மில் மட்டும் ஒரு நாளில் அரைத்த மாவில் ஒரு கோடியே 20 லட்சம் ரொட்டி சுடலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1921-ல் கோல்டு மெடல் மாவு விளம்பரத்துக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத, பெட்டி க்ராக்கர் என்று ஒரு பெண்மணியைக் கம்பெனி உண்டாக்கியது. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. பல ஆண்டுகள் அமெரிக்கக் குடும்பப் பெண்கள் அவரிடம் கேக் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1928-ல் அந்தக் கம்பெனி மற்ற மில்களோடு சேர்ந்து ஜெனரல் மில்ஸ் ஆனது.

சரிவு சத்தமில்லாமல் வந்தது. மின்சாரம் வந்தபின் மில் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயம் போனது. ரயில் கட்டண விதிகள் மாறின. கனடா கோதுமை பேரேரிகள் வழியாகக் கப்பலில் மலிவாக பஃபலோ நகரத்துக்குப் போய் அங்கேயே அரைபட்டது. 1930-ல் பஃபலோ முந்தியது. மில்கள் ஒவ்வொன்றாக இடிந்தன, வாய்க்காலை மண் போட்டு மூடினார்கள். 1965-ல் ஜெனரல் மில்ஸ் பழைய மில்கள் ஒன்பதை ஒரே மூச்சில் மூடியபோது அதில் ஏ மில்லும் ஒன்று. ஹில்லின் பாலத்தில் கடைசி ரயில் 1978-ல் போனது. ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது; கரையில் ஜல்லிக் குவியலும் புதரும். 1983-ல் ஏ மில்லுக்குத் தேசிய நினைவுச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது. வீடில்லாதவர்கள் அதில் ஒண்டிக்கொண்டார்கள். 1991 பிப்ரவரியில் அது மறுபடி எரிந்தது.

இடிப்பதா, பழையபடி கட்டுவதா? இரண்டையும் செய்யாமல் விட்டார்கள். இந்த மொத்தக் கதையிலும் புத்திசாலித்தனமான முடிவு அதுதான் என்பேன். கருகிய சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து அப்படியே நிறுத்தி, கட்டடக் கலைஞர் தாமஸ் மெயர் அவற்றுக்கு உள்ளே கண்ணாடியில் ஒரு அருங்காட்சியகத்தைச் செருகினார். 2003-ல் திறந்த மில் சிட்டி மியூசியத்தில் பார்வையாளர்கள் சரக்கு லிஃப்ட் ஒன்றில் பெஞ்சு போட்டு உட்கார, அது மாடி மாடியாக நின்று நின்று, இயந்திரங்களை ஓடவிட்டு, வேலை பார்த்தவர்களின் குரல்களைக் கேட்க வைக்கிறது. கீழே ஒரு சோதனை அடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்கள். கூரையில்லாத இடிபாட்டு முற்றத்தில் கச்சேரி நடக்கிறது, கல்யாணமும் நடக்கிறது. பக்கத்து ரயில் கொட்டகையில் சனிக்கிழமைகளில் உழவர் சந்தை.

ஹில்லின் பாலம் 1994 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். 2001-ல் புதைந்த வாய்க்கால்களைத் தோண்டி எடுத்து இடிபாட்டுப் பூங்கா ஆக்கினார்கள். 2006-ல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நுவெலின் நீலநிற கத்ரி நாடக அரங்கு ஏ மில்லுக்குப் பக்கத்திலேயே வந்து அமர்ந்தது. அதிலிருந்து அந்தரத்தில் நீளும் ஒரு பாதையில் நின்றால் அருவி முழுதும் தெரியும். கரையில் கம்பளி நெய்த ஒரு மில்லும் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூட்டை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே குடிவர முடியாது. எதிர்க்கரை பில்ஸ்பரி மில் மட்டும், வருமானம் குறைந்த கலைஞர்களுக்கான குடியிருப்பாகி, பழைய நீர்ச்சுரங்கத்திலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பில்ஸ்பரி கம்பெனியை 2001-ல் ஜெனரல் மில்ஸ் வாங்கிவிட்டது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பில்ஸ்பரி ஆட்டா, கேக் மாவு பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அக்கரை எதிரி இக்கரைக்காரரின் சரக்காகி நம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மில்லுக்குக் கிடைத்த மறுவாழ்வு அருவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. இன்று அங்கே நீர் விழுவது பாறையில் அல்ல, கான்கிரீட் சரிவில். கப்பல் போக ராணுவப் பொறியாளர்கள் 1963-ல் கட்டி முடித்த நீர்ப்பூட்டுக்காக, டகோட்டா மக்கள் புனிதமாகக் கருதிய ஆவித் தீவின் மிச்சத்தையும் அகற்றிவிட்டார்கள். தெற்கிலிருந்து ஆற்றில் ஏறிவந்த அந்நியக் கெண்டை மீன்களைத் தடுக்க அந்தப் பூட்டையே 2015-ல் மூடினார்கள். 52 ஆண்டுப் பயன்பாட்டுக்காகப் போன தீவு திரும்ப வரப்போவதில்லை. மூடிய பூட்டை ஒட்டிய நிலத்தைக் கைமாற்றி, மறுபடி செடிகொடியும் ஓடும் நீருமாக்க, டகோட்டா மக்கள் தலைமையில் ஓவாம்னியோம்னி ஒகோடயாபி என்ற அமைப்பு பாடுபட்டுவருகிறது. நூற்றாண்டுக்கு மேல் குழாயிலும் குழியிலும் அடைபட்ட நீரின் ஒரு பங்காவது நிலத்தின் மேல் வெளிப்படையாக ஓட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். பேச்சு ராணுவப் பொறியாளர்களோடும் மாநகராட்சியோடும்தான். வாஷ்பர்ன் காலத்தில் டகோட்டா மக்களை அந்த மேசைக்கு யாரும் கூப்பிடவில்லை.