நூலும் துணியும்

குழந்தை வளர்ப்பைப் பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவற்றில் ஒன்று ரூஸோவின் 'எமில்'. 1762இல் வெளிவந்தது. அதை எழுதியவர் தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாரிஸ் அனாதை விடுதியில் சேர்த்துவிட்டவர். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துவிட்டு ஒரு புன்சிரிப்போடு நகர்ந்துவிடுவது வழக்கம். ரூஸோவைப் பிடிக்காதவர்களுக்கு அதுவே போதும். பிடித்தவர்கள் எழுத்து வேறு, வாழ்வு வேறு என்ற, நமக்கும் பழகிப்போன வாதத்தைக் கையில் எடுப்பார்கள். அந்த ஐந்து குழந்தைகளைப் பற்றியோ அவர்களைப் பெற்றவளைப் பற்றியோ இரு தரப்பாரும் அதிகம் பேசுவதில்லை. என் அக்கறை அவர்களிடம்தான். அவர்களை முன்வைத்து, பெற்றோரின் பாசத்துக்கு வரலாறு எழுதப்பட்ட முறையைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

1745இல், பாரிஸில் தான் தங்கியிருந்த விடுதியில் துணி வெளுப்பது, தைப்பது போன்ற வேலைகள் பார்த்துவந்த தெரேஸ் லெவஸ்ஸரை ரூஸோ சந்தித்தார். அவர் 1778இல் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். முதல் குழந்தை 1746-47 குளிர்காலத்தில் பிறந்தது. ஓர் அடையாளக் குறியை இரண்டு அட்டைகளில் எழுதி, ஒன்றைக் குழந்தையைச் சுற்றிய துணிக்குள் வைத்து, மருத்துவச்சியின் கையில் கொடுத்து விடுதியில் சேர்த்தார்கள். இரண்டாவது குழந்தைக்கு அட்டை வைக்கவில்லை. அடுத்த மூன்றுக்கும் இல்லை. 1761இல், தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நம்பிய ரூஸோ லக்ஸம்பர்க் சீமாட்டியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் ஆள் வைத்து மூத்த குழந்தையைத் தேடச் செய்தார். எதுவும் கிடைக்கவில்லை.

ரூஸோ காரணங்கள் சொல்லாமல் இல்லை. 1751இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் வறுமையையும் நோயையும் சொல்லி, தன் பிள்ளைகளின் ரொட்டியைப் பறித்தது பணக்கார வர்க்கம்தான் என்று வாதாடுகிறார். பின்னால் எழுதிய சுயசரிதையில், தன்னைப் பிளேட்டோவின் குடியரசில் ஒரு பிரஜையாக எண்ணிக்கொண்டதாகவும், குழந்தைகள் உழைப்பாளிகளாக வளர்வது மேல் என்று நினைத்ததாகவும் சொல்கிறார். அந்த விடுதியில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை என்பது அந்த நியாயங்களில் இடம்பெறவில்லை. 1764இல் வால்டேர் பெயர் போடாமல் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டு, ரூஸோ தன் பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போனவர் என்று அம்பலப்படுத்தினார். எந்த ஆஸ்பத்திரியின் வாசலிலும் நான் எந்தக் குழந்தையையும் போட்டதில்லை என்று ரூஸோ மறுத்தார். சொல்லளவில் அது உண்மை. குழந்தைகள் போனது மருத்துவச்சியின் கையில்.

தெரேஸ் என்ன நினைத்தாள் என்பதற்கு நமக்குக் கிடைப்பதும் ரூஸோவின் வாக்கியம்தான்: அவள் குமைந்துகொண்டே இணங்கினாள் என்கிறார். அவளுக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்றுக்கொடுக்க முயன்று முடியாமல்போன கதையையும் அவரே எழுதியிருக்கிறார். அவள் கைப்பட எழுதியதாக எஞ்சியிருப்பது, காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டிய கொச்சைதான். 1801வரை உயிரோடு இருந்தாள். ரூஸோவின் சுயசரிதை இரண்டு பகுதிகளாக 1782இலும் 1789இலும் அச்சாகி, ஐரோப்பா முழுவதும் அவளுடைய ஐந்து பிரசவங்களைப் பற்றி அபிப்பிராயம் சொன்னபோதும் அவள் இருந்தாள்.

அதே பாரிஸில், ரூஸோ பழகிய வட்டத்திலேயே, கண்டெடுக்கப்பட்ட குழந்தை ஒருவர் இருந்தார். கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான தாலம்பேர். அந்தக் களஞ்சியத்துக்கு இசை பற்றிய கட்டுரைகளை எழுதித் தந்தவர் ரூஸோ. 1717 நவம்பரில் ஒரு தேவாலயப் படியில் கிடந்த தாலம்பேரை, ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மனைவி வளர்த்தாள். பெற்ற தாய் தான்ஸன் சீமாட்டி பெயர்பெற்ற இலக்கிய வரவேற்பறை நடத்திவந்தவள். மகனுக்குப் புகழ் வந்தது. ஆனாலும் அவர் ஏறக்குறைய ஐம்பது வயதுவரை கண்ணாடிக்காரர் வீட்டில்தான், வளர்த்தவளோடுதான் குடியிருந்தார். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரும் ரூஸோ என்பது ஒரு தற்செயல். வரலாறு சில சமயம் நாவலாசிரியன் வெட்கப்படும் அளவுக்கு எழுதிவிடுகிறது.

'எமில்' நூலுக்கு வருகிறேன். அதைக் குற்றவுணர்வின் பிராயச்சித்தமாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படிக்கச் சான்றும் உண்டு. தகப்பனின் கடமைகளைச் செய்ய இயலாதவனுக்குத் தகப்பனாகும் உரிமை இல்லை, வறுமையும் வேலையும் அதற்குச் சாக்காகாது என்று அந்நூலில் ரூஸோவே எழுதியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எமில் எப்படிப்பட்ட குழந்தை? அவன் அனாதை என்கிறார் ஆசிரியர். பெற்றோர் உயிரோடிருந்தாலும் ஒன்றுதான். அவர்களுடைய கடமைகளும் உரிமைகளும் ஆசானுக்கு வந்துவிடுகின்றன. அவன் பணக்காரன். ஏழைக்கு அவனுடைய நிலைமையே கல்வியாகிவிடுகிறது என்பது ரூஸோவின் வாதம். அவன் ஆரோக்கியமானவன். நோஞ்சான் குழந்தையைத் தாம் ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஆக, வளர்ப்பைப் பற்றிய அந்த மாபெரும் நூலில் இல்லாதவை மூன்று: பெற்றோர், பசி, காய்ச்சல். இவை மூன்றும் நீங்கிய பிறகு எஞ்சுவது கல்விச் சிந்தனை. அது மகத்தான சிந்தனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழந்தையைக் குழந்தையாகப் பார், அவசரப்படாதே என்று சொன்ன குரல் அது. ஆனால் குடும்பம் என்பது அந்த மூன்றும்தான்.

இப்போது வரலாற்றாசிரியர்கள். 1960இல் பிலிப் ஆரியெஸ், மத்தியகால ஐரோப்பாவுக்குக் குழந்தைப்பருவம் என்ற கருத்தே இல்லை என்று ஒரு நூல் எழுதினார். குழந்தை சின்ன உருவத்துப் பெரியவனாகவே கருதப்பட்டது என்றார். ஓவியங்களைச் சாட்சிக்கு இழுத்தார். 1977இல் லாரன்ஸ் ஸ்டோன், குழந்தைச் சாவு மலிந்த காலத்தில் பெற்றோர் குழந்தைகள்மீது மனதை அதிகம் வைத்திருக்க முடியாது என்று வாதிட்டார். 1980இல் எலிசபெத் பாதந்தேர், தாய்ப்பாசம் இயல்பூக்கம் அல்ல, பதினெட்டாம் நூற்றாண்டு வளர்த்தெடுத்த ஒரு விழுமியம் என்றார். அதற்குப் பாரிஸ் போலீஸ் தலைவர் லெனுவார் 1780இல் தந்த கணக்கை எடுத்துக்காட்டினார். ஆண்டுக்குப் பிறக்கும் 21,000 குழந்தைகளில் தாயிடமே பால் குடித்தவை ஆயிரம்தான். இன்னோர் ஆயிரத்துக்கு வீட்டோடு செவிலி. மற்றவை வெளியே, பெரும்பாலும் கிராமத்துச் செவிலியரிடம். 1983இல் லிண்டா பொல்லாக் நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகளையும் சுயசரிதைகளையும் படித்துவிட்டு, ஆரியெஸின் சித்திரம் பொருந்தவில்லை, பெற்றோர் எப்போதும் அழுதிருக்கிறார்கள் என்று மறுத்தார்.

நான் பொல்லாக்கின் பக்கம். ஆனால் நாட்குறிப்பு எழுதுகிறவனும் எழுதத் தெரிந்தவன்தான். விவாதத்தின் இரு தரப்பும் ஓவியம் வரையச் சொல்லக் காசிருந்தவனையும், பேனா பிடித்தவனையுமே சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றன. தெரேஸ் மாதிரியானவர்களுக்கு அந்தக் கூண்டில் இடமில்லை.

அவர்களுக்கு வேறொரு சாட்சியம் லண்டனில் இருக்கிறது. தாமஸ் கோரம் என்ற முன்னாள் கப்பல் தலைவர் பதினேழு ஆண்டுகள் அலைந்து, 1739இல் அரச சாசனம் பெற்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1741 மார்ச் 25 இரவு முதல் 30 குழந்தைகள் சேர்க்கப்பட்டன. கூட்டம் தாங்காமல் அடுத்த ஆண்டு குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கை விடவேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், நோய் இல்லாத பட்சத்தில், குழந்தைக்கு இடம். சிவப்பு வந்தால் காத்திருக்கவேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போகவேண்டும். 1756 ஜூனிலிருந்து 1760 மார்ச் வரை, பாராளுமன்றம் தந்த பணத்தின் நிபந்தனைப்படி, வந்த குழந்தைகளை எல்லாம் ஏற்றார்கள். ஏறத்தாழ 15,000 வந்தன. மூன்றில் இரண்டு பங்கு இறந்துபோயின.

சேர்க்கும்போது தாயின் பெயரைப் பதிவதில்லை. குழந்தைக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். அச்சடித்த ஒரு படிவத்தில் தேதி, குழந்தையின் உடைகள், உடம்பில் உள்ள அடையாளங்கள் ஆகியவற்றைக் குறித்து, பெரும்பாலும் ஒரு துணித் துண்டைக் குண்டூசியால் அதில் குத்திவைத்தார்கள். சில, குழந்தையின் சட்டையிலிருந்து குமாஸ்தா வெட்டியவை. சில, தாயே கொண்டுவந்து கொடுத்தவை. எப்போதாவது குழந்தையை மீட்க வந்தால் அந்தத் துணியைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். இப்படிச் சுமார் 5,000 துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. பூப்போட்ட பருத்தி, பறவை அச்சு, ரிப்பன் முடிச்சு, சிவப்புக் கம்பளியில் இதய வடிவத்தில் வெட்டிய ஒரு துண்டு. இன்றைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஏழைகளின் உடையை அறிய இதைவிடப் பெரிய சேகரிப்பு இல்லை. அதை உண்டாக்கியவர்கள் கந்தையைத் தவிர வேறெதையும் விட்டுப்போக வழியில்லாத பெண்கள்.

1741க்கும் 1760க்கும் இடையில் வந்த 16,282 குழந்தைகளில் மீட்கப்பட்டவை 152. ஸ்டோன் போன்றவர்கள் இந்த எண்ணைக் காட்டிப் பாசமின்மைக்குச் சான்று என்று சொல்லிவிடலாம். தேடி வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது குழந்தை இறந்த சேதி என்பதையும், மீட்கப் போனவள் அதற்குப் பிறகு சோறு போட வக்குள்ளவளாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்கவேண்டும். திரும்பி வரமாட்டோம் என்று ஏறக்குறைய தெரிந்திருந்தும் ரிப்பனை முடிச்சிட்டுக் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது? 1767 பிப்ரவரியில் ஒருத்தி, ஒட்டுத்துணியால் தைத்த ஊசிப் பை ஒன்றை, அதில் பின்னியிருந்த இதயத்தின் நடுவே கத்தரித்து, பாதியை மகனோடு விட்டுப்போனாள். 1775 ஜூனில் மற்றப் பாதியோடு வந்து அவனை அழைத்துப் போனாள். இடையில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்துக்கு எந்த நாட்குறிப்பும் இல்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு வில்லிபாரதம் நினைவுக்கு வராமல் இருக்காது. தாய் என்று சொல்லி வரும் குந்தியிடம் கர்ணன் அத்தாட்சி கேட்கிறான். அவனிடம் ஓர் ஆடை இருக்கிறது; முன்பு பொய்யாகத் தாய்மை கொண்டாடி வந்தவர்களை எரித்த ஆடை. குந்தி அதை அணிந்து எரியாமல் நிற்கிறாள். காவியத்தில் துணி தாயைச் சோதிக்கிறது, தெய்வம் அவளுக்குச் சாட்சி சொல்கிறது. லண்டனில் துணி ஒரு நிர்வாகத்தின் கட்டில் இருக்கிறது. தாய் அதன் நிறத்தையும் பூவையும் வருஷக்கணக்கில் மறக்காமல் வைத்திருக்கவேண்டும். குந்தி அரசி. வேலைக்காரிக்குத் தெய்வம் சாட்சிக்கு வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். லண்டன் விடுதி தன் கைக்குழந்தைகளைக் கிராமத்துச் செவிலியரிடம் அனுப்பி, ஐந்து வயதையொட்டித் திருப்பிப் பெற்றுக்கொண்டது. சில செவிலியர் திருப்பித் தர மறுத்து மன்றாடியிருக்கிறார்கள். கூலிக்கு வளர்த்தவர்கள் அவர்கள். பாசம் ரத்தத்தில் வருகிறதா, நூலில் வருகிறதா என்ற விவாதத்துக்கு இவர்களும் அந்தப் பாரிஸ் கண்ணாடிக்காரர் மனைவியும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தினமும் குளிப்பாட்டி ஊட்டிய கையில் அது வருகிறது. அந்தக் கைக்கு அவகாசமும் கூலியும் வேண்டும். அதைத்தான் கோரம் விடுதியின் கணக்குப் புத்தகம் சொல்கிறது, 'எமில்' சொல்வதில்லை.

1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதே, இங்கே விட்டுவிட்டுப் போ என்பது அதன் பொருள். அந்தத் தொட்டிலின் முன் நிற்கும்போதும், இவளெல்லாம் தாயா என்ற கேள்விதான் நம் வாயில் முதலில் வருகிறது. வரதட்சிணைக் கணக்கும், நிலமில்லாத வீட்டின் மூன்றாவது பெண் என்பதும் அப்புறம்தான் நினைவுக்கு வருகின்றன, வந்தால். ஸ்டோனின் பிழையை நாம் படிக்காமலே செய்கிறோம்.

ரூஸோவை நான் தள்ளுபடி செய்யவில்லை. முதல் குழந்தைக்கு அவர் எழுதிவைத்த அட்டையை அந்த ஊசிப் பைக்குச் சமமாக வைக்கவே விரும்புகிறேன். அந்த ஒரு முறை அவரும் அந்தப் பெண்கள் வரிசையில் நின்றார். பிறகு அவரிடம் நியாயங்கள் சேர்ந்துவிட்டன, அட்டை தேவைப்படவில்லை. தெரேஸிடம் நியாயங்கள் இல்லை. அவள் சார்பாக யாரும் ஒரு துணியைக் குத்திவைக்கவும் இல்லை.

லண்டன் படிவங்களைப் பின்னால் தொகுத்துத் தடித்த பதிவேடுகளாகக் கட்டினார்கள். அவை இப்போது அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெளிச்சம் படாமல் மூடியே கிடந்ததால் அந்தத் துணிகளில் பலவற்றின் சாயம் இன்னும் மங்கவில்லை.