மே மாச வெயில்ல கம்ப்யூட்டர் மூச்சு வாங்குதா? தெர்மல் பேஸ்ட் முதல் ஓவர்கிளாக்கிங் வரை... நெய்வேலி சொல்லும் கூலிங் பாடம்!

நெய்வேலி டவுன்ஷிப்ல மே மாசம் மதியம் 3 மணி. வெளியே வேப்பமர நிழல்ல நாய்கூட அசையாம படுத்திருக்கும். குவார்ட்டர்ஸ் உள்ளே உங்க டெஸ்க்டாப் மட்டும் மிக்ஸி மாதிரி இரைஞ்சுக்கிட்டு இருக்கும். கேம் நல்லா ஓடிட்டிருக்கும்போதே திடீர்னு திணறும். உடனே நமக்குத் தோணுறது என்ன? 'ப்ராசஸர் பழசாயிடுச்சு, ஓவர்கிளாக் பண்ணிடலாம்!'

கொஞ்சம் பொறுங்க. உங்க ப்ராசஸருக்கு வேகம் குறைவுங்கிறது பிரச்னையா இல்லாமலே இருக்கலாம். சூடு வெளியே போக வழியில்லாம அது தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு இருக்கலாம். அப்படின்னா நீங்க கொடுக்க வேண்டியது புது வேகம் இல்லை, ஒரு சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட்.

அனல் மின் நிலையமும் உங்க ப்ராசஸரும்

1956-ல என்.எல்.சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சோவியத் உதவியோட கட்டின முதல் அனல் மின் நிலையம் 1962-ல மின்சாரம் தர ஆரம்பிச்சு, 2020-ல ஓய்வு பெற்றது. இந்த ஊர்ல அடுத்தடுத்து வந்த நிலையங்களுக்கும் அடிப்படை ஒண்ணுதான். பழுப்பு நிலக்கரியை எரிச்சு, தண்ணியை நீராவியாக்கி, டர்பைனைச் சுத்த வைக்கணும். அதோட வேலை முடியலை. டர்பைனைத் தாண்டி வர்ற நீராவியைக் கண்டன்சர்ல குளிர வைக்கணும். அந்தச் சூட்டைச் சுமக்கிற தண்ணி கூலிங் டவருக்குப் போய், காத்துல சூட்டை இறக்கி வைக்கணும்.

உங்க வீட்ல யாராவது பிளான்ட்ல வேலை பார்த்தா கேட்டுப் பாருங்க. கண்டன்சர் குழாய்ல உப்புப் படிவம் சேர்ந்தா உற்பத்தி அடி வாங்கும். கோடையில கூலிங் தண்ணி சூடானாலும் அதே கதிதான்.

உங்க கேபினெட்டுக்குள்ள நடக்கிறதும் இதுவேதான். ப்ராசஸர் சூட்டை உண்டாக்குது. மேல இருக்கிற ஹீட் சிங்க் அதை வாங்கி, ஃபேன் மூலமா காத்துக்கு அனுப்புது. ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய படலம்தான் தெர்மல் பேஸ்ட். அது காய்ஞ்சு போனா, படிவம் பிடிச்ச கண்டன்சர் கதைதான்.

பேஸ்ட் எதுக்கு?

ப்ராசஸர் மூடியும் ஹீட் சிங்க் அடிப்பகுதியும் கண்ணுக்கு வழவழன்னு தெரியும். ஆனா, நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைய இருக்கும். ரெண்டையும் அப்படியே வெச்சா நடுவுல காத்து மாட்டிக்கும். சூட்டைக் கடத்துறதுல காத்து படுமோசம். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400, அலுமினியம் 200-க்கு மேல, காத்துக்கோ வெறும் 0.026. நல்ல பேஸ்ட்டுக்கு 4 முதல் 12 வரை இருக்கும்.

அதாவது, பேஸ்ட் காத்தைவிட நூறு மடங்குக்கு மேல நல்லது. ஆனா, செம்பு பக்கத்துலகூட நிக்க முடியாது. அதனால பள்ளத்தை நிரப்புற அளவுக்கு மட்டும் போதும். தோசைக்குச் சட்னி மாதிரி தாராளமா அப்பினா, சூடு கூடத்தான் செய்யும்.

மாத்துறது எப்படி?

1. முதல்ல அளந்து பாருங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் போட்டு, கேம் ஓடும்போது வெப்பநிலையைக் குறிச்சு வைங்க. பெரும்பாலான இன்டெல் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குத்தான் தெர்மல் த்ராட்லிங்னு பேரு.

2. தூசியைத் தட்டுங்க. சுரங்கமும் சாம்பலும் இருக்கிற ஊர்ல இது ரொம்ப முக்கியம். ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட்டை வராண்டாவுக்குக் கொண்டுபோய் ப்ளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. தறிகெட்டுச் சுத்தினா பேரிங் போயிடும். பல நேரம் இதுலயே பாதிப் பிரச்னை தீர்ந்துடும்.

3. கூலரைக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. பழைய பேஸ்ட் இளகி இருக்கும். ரைசன் ஏஎம்4 போர்டு வெச்சிருக்கவங்க கவனம்! கூலரை நேரா இழுத்தா, ப்ராசஸரே சாக்கெட்ல இருந்து பிய்ச்சுக்கிட்டு வந்து பின்கள் வளைஞ்சுடும். இடமும் வலமுமா மெல்லத் திருகி எடுங்க.

4. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணியால துடைங்க. ரெண்டு பரப்பும் பளிச்னு ஆகணும். தண்ணி வேண்டாம். டூத் பேஸ்ட்டைத் தடவுற 'டிப்ஸ்' எல்லாம் நம்பாதீங்க. அது சீக்கிரமே காய்ஞ்சு பொருக்காயிடும்.

5. நடுவுல ஒரு சின்னப் பட்டாணி அளவு பேஸ்ட் வைங்க. பெரிய ப்ராசஸர்னா மெல்லிசா பெருக்கல் குறி போடுங்க. விரலால தேய்க்க வேண்டாம். கூலர் அழுத்தமே அதைப் பரப்பிடும்.

6. புது கூலர்னா அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டீங்களான்னு பாருங்க. இதை மறந்து மாட்டினவங்க ஏராளம்! ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. ஃபேன் ஒயரை போர்டுல செருகினீங்களான்னு கடைசியா ஒரு தடவை பாருங்க.

ஒரு எச்சரிக்கை: லிக்விட் மெட்டல்னு ஒண்ணு கிடைக்கும். அதுல இருக்கிற கேலியம் அலுமினியத்தை அரிச்சு நொறுங்க வெச்சுடும், மின்சாரத்தையும் கடத்தும். முதல் தடவை செய்யறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இப்போ ஓவர்கிளாக்கிங்குக்கு வருவோம்

ப்ராசஸரோட வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை 45-ஆல பெருக்கினா 4.5 கிகாஹெர்ட்ஸ். அந்த 45-ஐ பயாஸ்ல 46, 47-னு ஏத்துறதுதான் ஓவர்கிளாக்கிங். எல்லா ப்ராசஸர்லயும் இது முடியாது. இன்டெல்ல பேர் முடிவுல 'கே' இருக்கிற சிப்பும் 'இசட்' வரிசை போர்டும் வேணும். ரைசன்ல பெரும்பாலானவை திறந்தே இருக்கும். ஆனா, 'ஏ' வரிசை போர்டுகள் இதுக்கு உதவாது.

வேகத்தை ஏத்தினா, நிலையா ஓட வோல்டேஜையும் கொஞ்சம் ஏத்த வேண்டியிருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்குது. ப்ராசஸர் இழுக்கிற மின்சக்தி, வேகத்தோட நேரா ஏறும். வோல்டேஜோட இருமடிக்கு ஏறும். 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்ல ஓடுற சிப்பை 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோறீங்கன்னு வைப்போம். வேகம் 10 சதவிகிதம்கூட ஏறலை. சூடு சுமார் 39 சதவிகிதம் ஏறிடும்!

டிசம்பர் கணக்கு மே மாசத்துக்கு ஆகாது

எவ்வளவு விலை கொடுத்து கூலர் வாங்கினாலும், அது ப்ராசஸரை அறையோட வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. வாட்டர் கூலிங்குக்கும் இதே விதிதான். அறையைவிட இத்தனை டிகிரி அதிகம்ங்கிறதுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, டிசம்பர் ராத்திரி அறை 22 டிகிரி, ப்ராசஸர் முழு வேலையில 75 டிகிரி. அதாவது 53 டிகிரி கூடுதல். மேலே சொன்ன ஓவர்கிளாக் பண்ணினா அந்த 53, சுமார் 74 ஆகும். 22-ஓட 74 சேர்த்தா 96. 100 டிகிரி எல்லைக்குள்ள நூலிழையில தப்பிச்சாச்சு!

அதே கம்ப்யூட்டர், மே மாசம், அறை 38 டிகிரி. ஓவர்கிளாக் இல்லாமலே 91. ஓவர்கிளாக்கோட 112. அந்த எண் திரையில வராது. 100-லேயே ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சுடும். இவ்வளவு பாடுபட்டு ஏத்தின வேகம் அப்படியே காலி.

யூட்யூப்ல பார்க்கிற பல டெஸ்ட்டுகள் ஏசி ரூம்ல எடுத்தவை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊத்தி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினவங்களும் இருக்காங்க. அது சில நிமிஷ சாதனை. நமக்கு வருஷம் பூரா ஓடணும்.

அதனால, ஓவர்கிளாக் பண்ணியே தீருவேன்னா, டெஸ்ட்டை ஏசி இல்லாம, மே மாச மதியத்துல பண்ணுங்க. ஒவ்வொரு படியா ஏத்தி, ஒவ்வொரு படியிலும் ஓசிசிடி அல்லது சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓட்டுங்க. 85 டிகிரியைத் தாண்டினா ஒரு படி இறங்கிடுங்க. முக்கியமான ஃபைல்களை முன்னாடியே வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. ஓவர்கிளாக்கால வர்ற பழுதுக்குப் பொதுவா வாரன்ட்டி கிடைக்காதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

அதிக வோல்டேஜ் சிப்பை நிரந்தரமா பலவீனமாக்கும்ங்கிறது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024-ல இன்டெல்லோட 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் இப்படித்தான் பிரச்னை வந்து, அந்த நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, வாரன்ட்டியையும் 2 வருஷம் நீட்டிச்சது. உங்ககிட்ட அந்த சிப் இருந்தா, முதல் வேலையா பயாஸை அப்டேட் பண்ணுங்க.

நம்ம ஊருக்கு ஏத்த வழி

வெயில் ஊர்க்காரங்களுக்கு இன்னொரு வழி இருக்கு: அண்டர்வோல்ட்டிங். வேகத்தை அப்படியே விட்டுட்டு வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது. மேலே பார்த்த அதே இருமடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமா வேலை செய்யும். வோல்டேஜ் 5 சதவிகிதம் குறைஞ்சா சூடு சுமார் 10 சதவிகிதம் குறையும். ரைசன்ல இதுக்குக் கர்வ் ஆப்டிமைசர்னு வசதியே இருக்கு. சூடு குறைஞ்சதும் ப்ராசஸர் தானாகவே அதிக நேரம் உச்ச வேகத்துல ஓடும். அளவுக்கு மீறிக் குறைச்சா கம்ப்யூட்டர் ஹேங் ஆகும். ஒரு படி திரும்ப ஏத்தினா சரியாயிடும், சிப்புக்குச் சேதமில்லை.

ஆக, வரிசை இதுதான்: முதல்ல தூசி, அப்புறம் பேஸ்ட், அதுக்கப்புறம் அண்டர்வோல்ட்டிங். இதெல்லாம் முடிச்சும் மதிய வெயில்ல 75 டிகிரிக்குள்ள ஓடுதா? அப்போ தாராளமா பெருக்கல் கணக்குல கை வைங்க. இல்லைனா, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சில நூறு ரூபாய்க்கு பேஸ்ட் மாத்துங்க, மாசம் ஒரு தடவை தூசி தட்டுங்க. கம்ப்யூட்டரும் சத்தம் போடாது, ராத்திரி கேம் ஓடும்போது வீட்ல இருக்கிறவங்களும் சத்தம் போட மாட்டாங்க!